இடது பக்கக் கண்ணாடி

பஸ் டிப்போவில் அவருக்கு ‘இஷ்டம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அது சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் பயன்பட்டது. யார் எதைக் கேட்டாலும் “உன் இஷ்டம்” என்பார். டீ குடித்துவிட்டு வண்டியை எடுக்கலாமா? உன் இஷ்டம். தலை வலிக்கிறது, நாளைக்கு லீவு போடட்டுமா? அதுவும் உன் இஷ்டம். கேட்கிறவர்களுக்கு இது பெருந்தன்மையாகத் தெரியும். கூடவே வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும், அது பெருந்தன்மை இல்லை, சுத்தமான வீம்பு என்று. தனக்கு இது வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டுவிட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று நம்பிய மனிதர் அவர்.

ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. கியர் மாறுவது யாருக்கும் தெரியாது. மடியில் தூங்குகிற குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். அவருக்கு வாய்த்த கண்டக்டர் குள்ளமான, ஓயாமல் பேசுகிற ஆள். டிரைவர் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து இவர் பேசித் தீர்த்துவிடுவார். வருஷக்கணக்காக அந்த ஜோடி ஒரே ரூட்டில் ஓடியது. நகரத்தில் கிளம்பி மலையடிவாரத்து ஜங்ஷன் வரை போக வேண்டும், அங்கே கொஞ்ச நேரம் நின்று திரும்ப வேண்டும்.

மலைமேல் இருக்கிற சின்ன ஊரில் அவருடைய மனைவியின் அக்கா தையல் கடை வைத்திருந்தாள். ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். “ஒரு மாசம் போயி பாத்துக்கட்டுமா?” என்று மனைவி கேட்டாள். இவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். மாதம் முடிந்தது. அக்கா கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் மனைவி போன் செய்தாள்.

“அக்கா இப்ப பரவாயில்ல. நான் என்ன பண்ணட்டும்?”

அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ‘வா’ என்கிற ஒற்றை எழுத்து தொண்டைவரை வந்துவிட்டது.

“உன் இஷ்டம்,” என்றார்.

 “சரி” என்று அவள் போனை வைத்துவிட்டாள். பால் வழிந்து அடுப்பை அணைத்தது.

நடந்தது அவ்வளவுதான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பஞ்சாயத்து பேச யாரும் வரவில்லை. அவர் கூப்பிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவளே வந்துவிடுவாள் என்று இவர் காத்திருந்தார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, “அம்மா எப்பப்பா வர்றாங்க?” என்பான். “வருவா” என்பார். வீட்டில் கட்டிலின் ஒரு பாதியில் மட்டுமே படுத்தார். மறு பாதியில் விரிப்பு கசங்கவே இல்லை, ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை மாற்றினார். அவள் குளியலறையில் விட்டுப்போன சீப்பு அதே இடத்தில் இருந்தது. பல் துலக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். மனுஷனுக்கு ஏக்கம் இல்லாமல் இல்லை, நெஞ்சு நிறைய இருந்தது. அதை வெளியே எடுக்கிற வழிதான் தெரியவில்லை.

மலையடிவார ஜங்ஷனில் ஒரு விசேஷம். இவருடைய பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், இடது பக்கமாக, மலையிலிருந்து இறங்கி வருகிற பஸ் வந்து நிற்கும். இவர் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். டீயை ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வார். குடித்துக்கொண்டே இடது பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார். மலை பஸ்ஸின் படி அதில் முழுசாகத் தெரியும். மூட்டை இறங்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்குவார்கள், யார் யாரோ இறங்குவார்கள். கடைசி ஆள் இறங்கினதும் இவர் டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார். அந்தக் கண்ணாடியைத் துடைப்பதற்கென்றே சீட்டுக்கடியில் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தார்.

அந்தத் துணிதான் அவரை ஏமாற்றியது.

முதலில் கண்ணுக்குள் கரும்புள்ளிகள் பறந்தன. கொசு என்று கையை வீசினார். பிறகு இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விழுந்தது. வேறு யாராவது என்றால் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். இவர் டிரைவர் ஆயிற்றே, கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்தார். துடைத்தார். போகவில்லை. வண்டி கழுவுகிறவனைக் கூப்பிட்டு, “கண்ணாடியக்கூட ஒழுங்கா கழுவ மாட்டியா?” என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் மூன்று முறை கழுவிக் கொடுத்தான். அப்புறம் கண்ணாடியே பழசாகிவிட்டது என்று மாற்றச் சொன்னார். புதுக் கண்ணாடியிலும் நிழல் இருந்தது. அப்போதும் மனுஷன் தன் கண்ணைச் சந்தேகப்படவில்லை. பல நாள் இப்படியே போயிற்று.

ஒரு மத்தியானம் ஜங்ஷனில் வலது கண்ணில் வியர்வை இறங்கியது. துடைக்க அந்தக் கண்ணை மூடினார். எதிரே கண்டக்டர் பேசிக்கொண்டு நின்றார். சத்தம் வருகிறது, சட்டை தெரிகிறது, தலையைக் காணோம். சட்டைக்கு மேலே வெறும் சாம்பல். வலது கண்ணைத் திறந்தார், தலை வந்தது. மூடினார், போனது. சாவியைக் கழற்றிக் கண்டக்டரின் கையில் வைத்தார்.

“இனிமே இத நான் ஓட்டக் கூடாதுப்பா.”

கண் டாக்டர் பொறுமைசாலி. எதிரே இருக்கிறவர் தலையாட்டினால் போதாது, புரிந்ததா என்று கேட்டுக் கேட்டுச் சொல்கிற ரகம்.

“கண்ணுக்குள்ள பின்பக்கச் சுவத்துல விழித்திரைன்னு மெல்லிசா ஒரு படலம் ஒட்டியிருக்கும். பாக்கற செல்லெல்லாம் அதுலதான் இருக்கு. அது ஓரத்துல கிழிஞ்சு, உள்ள தண்ணி புகுந்து, சுவத்த விட்டு உரிஞ்சு வந்திருக்கு. முன்னாடியே எதுவும் தெரியலையா?”

“கண்ணாடி அழுக்குன்னு நெனச்சேங்க.”

“நீங்கதான் கண்ணாடியே போடலையே?”

“பஸ்ஸோட கண்ணாடி.”

டாக்டர் சிரிக்கவில்லை. இவர் கேட்டார்: “உரிஞ்ச எடம் செத்துப்போச்சா?”

“இல்ல, பட்டினி கெடக்குது. அந்தச் சுவத்துலதான் அதுக்குச் சாப்பாடு, காத்து எல்லாம். பாக்கற செல் ஒவ்வொண்ணும் தன் நுனியில தேஞ்சத தெனமும் உதிர்க்கும். சுவத்துல இருக்கற செல் அத வாங்கி விழுங்கிச் சுத்தம் பண்ணும். இந்தப் பக்கம் புது நுனி வளந்துகிட்டே இருக்கும். செல் என்னமோ பொறந்தப்ப வந்த அதே செல்தான். செத்தா வேற முளைக்காது. அதனால உள்ளத தெனம் தெனம் புதுப்பிச்சே காலத்த ஓட்டுது.”

“டிப்போ மாதிரி,” என்றார் இவர். “வண்டி மாறாது. ராத்திரி வந்தா டீசல் போட்டு, கழிவு ஆயில எறக்கி, தேஞ்சத மாத்தி அனுப்புவாங்க.”

“அதேதான். இப்ப வண்டி டிப்போவுக்கே போகாம நடுரோட்டுல நிக்குது.”

“எவ்வளவு நாள் தாங்குங்க?”

“ஒடனே சாகாது. மொதல்ல நுனியச் சுருக்கிக்கும், தேவையக் கொறைச்சுக்கும். பக்கத்துல தாங்கிப் பிடிக்கிற செல்லுங்க தங்ககிட்ட இருக்கறதக் குடுத்துக் காப்பாத்தப் பாக்கும். ஆனா சிலது நம்பிக்கை போயி தானே தன்ன முடிச்சுக்கும். நாளாக ஆக அது அதிகமாகும். சீக்கிரம் கொண்டுபோயி ஒட்ட வச்சா, மிச்சம் இருக்கறது மெதுவா நுனிய வளத்துக்கும்.”

“ரெண்டு வருஷம் கழிச்சு ஒட்ட வச்சா?”

டாக்டர் அவரை வினோதமாகப் பார்த்தார். “எதுக்கு ரெண்டு வருஷம்? நாளைக்கே ஆபரேஷன்.”

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்தது. விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டிருந்தார்கள். குமிழ் மேல்நோக்கித்தான் போகும். பின்சுவரை அது அழுத்த வேண்டும் என்றால் முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரம் சாப்பிட, உட்கார, தூங்க எல்லாமே குனிந்த தலையோடுதான். டிப்போ மேனேஜர் முன்னால்கூடத் தலை குனியாத மனுஷனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

கண்டக்டர் யாரையும் கேட்காமல் மலைமேல் போன் போட்டார். “அண்ணி, அண்ணன் குப்புறப் படுத்துக் கெடக்கார்,” என்று ஆரம்பித்தால் எந்தப் பெண்தான் பதறமாட்டாள்? மீதியைக் கேட்பதற்குள் அவள் பையை எடுத்துவிட்டாள்.

அவர் மேஜை விளிம்பில் தலையணை வைத்து அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. தரையில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. இடது கால் சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே பிரிந்திருக்கும், குதிகாலில் பழைய வெடிப்பு. மலைக் குளிரில் வெடிப்பு அதிகமாகியிருந்தது.  நல்ல கண்ணால் அந்தப் பாதங்களை அள்ளிக் குடிப்பது போலப் பார்த்தார்.

“சாப்டீங்களா?”

“ம்.”

“மருந்து எப்ப விடணும்?”

சொன்னார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் நேரில் பேசிய முதல் பேச்சு அவ்வளவுதான். செக்கப் முடிந்ததும் கிளம்பிவிடுவதாகவும், கடையில் தைக்க வேண்டியது குவிந்து கிடப்பதாகவும் அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். பாதங்கள் வீடு முழுக்க நடந்தன. சமையலறைக்குப் போயின, குளியலறைக்குப் போயின. அங்கே வெகுநேரம் நின்றன. சீப்பைப் பார்த்திருப்பாள். இவருக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். தலையைத் தூக்கினால் கண் போய்விடும். கொஞ்சம் குனி, உன் முகத்தைக் காட்டு என்று கேட்கலாம். கேட்டால்தானே?

மறுநாள் கண்டக்டர் வந்தார். டிப்போவில் கழித்துப் போட்ட பக்கக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து எடுத்து வந்திருந்தார். அதைத் தரையில் இவருடைய முகத்துக்கு நேர் கீழே செங்கல்லில் சாய்த்து வைத்தார்.

“அண்ணனுக்குக் கண்ணாடி இல்லாம முடியாது அண்ணி. இப்ப பாருங்க, உக்காந்த எடத்துலேருந்தே வீட்ட ஓட்டுவார்.”

அவள் லேசாகச் சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பில் கண்டக்டருக்குக் குஷி வந்துவிட்டது.

“ஜங்ஷன்ல டெய்லி இதே வேலதான். மலை வண்டி வந்து நின்னா போதும், டீயக் கையில பிடிச்சுகிட்டு இடது பக்கக் கண்ணாடியில எறங்கறவங்களையே பாப்பார். கடைசி ஆளு எறங்கற வரைக்கும் நான் விசில் குடுத்தாக்கூட வண்டிய எடுக்க மாட்டார். யாரத் தேடறார்னு எனக்குத் தெரியாதா என்ன…”

“வாய மூடுப்பா,” என்றார் இவர் தரையைப் பார்த்து.

கண்டக்டர் வாயை மூடினார். வெள்ளம் அணையைத் தாண்டிய பிறகு மதகை மூடி என்ன? டீகூடக் குடிக்காமல் நழுவிவிட்டார்.

 அவர் கண்ணாடியில் தேடினார். அது புடைத்த கண்ணாடி. பக்கத்தில் இருப்பதைத் தள்ளி, சின்னதாகக் காட்டும். அவள் வாசல் கதவில் சாய்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு, வெகு தூரத்தில் இருக்கிறவள் போல நின்றாள். தோள் குலுங்கியது. பிறகு விறுவிறுவென்று வந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் முகம் நிறைந்தது. நெற்றியோரம் நரைத்திருந்தது. கண் சிவந்திருந்தது. கோபம்.

“நல்லா பாருங்க. இதத்தான பாக்கணும்? ரெண்டு வருஷமா கண்ணாடியில பாத்தீங்களா? எறங்கி அந்த வண்டியில ஏற உங்களுக்குக் காலு இல்ல?”

அவர் கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து கண்ணாடியில் சொட்டியது. குனிந்திருக்கிறவனுக்கு அழுகையை மறைக்க வழியே கிடையாது.

“மொத வருஷம் பூரா, கெளம்பக் கட்டி வச்ச பையப் பிரிக்கவே இல்ல,” என்றாள் அவள். “கதவுக்குப் பின்னாடியே இருந்துச்சு. போன் அடிக்கும்போதெல்லாம் அதப் பாப்பேன். அப்புறம் ஒருநாள் பிரிச்சு, துணியெல்லாம் அலமாரியில அடுக்கிட்டேன். இப்ப அந்தக் கட மொத்தமும் என் கையில. அக்காவால மிஷின மிதிக்க முடியாது. நீங்க இப்ப வான்னு கூப்பிட்டாகூட என்னால வர முடியாது. புரியுதா?”

புரிந்தது. நாள் கடந்தால் சிலது செத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புடவைத் தலைப்பால் அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

செக்கப் அன்று தலையைத் தூக்கலாம் என்றார் டாக்டர். படலம் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. நுனிகள் வளர மாதக்கணக்கில் ஆகும். எல்லாம் பழையபடி வராது, நேர்க்கோடு கொஞ்சம் நெளிந்து தெரியலாம். பெரிய வண்டி இனி ஓட்ட முடியாது. டிப்போவில் வண்டி வந்துபோகிற நேரத்தைக் குறிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதெல்லாம் சொல்லிவிட்டு, “குமிழ் தானா கரையற வரைக்கும் விமானத்துல போகக் கூடாது, மலை ஏறக் கூடாது. மேல போகப் போக வாயு விரியும். அழுத்தத்துல கண்ணே போயிடும்,” என்றார்.

அவளை வழியனுப்ப ஜங்ஷன் வரை போனார். அந்த ரூட்டில் பயணியாக உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. வேறொருவன் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கால் தானாகக் கிளட்ச்சைத் தேடியது. மலை பஸ் தயாராக நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இவர் கீழே நின்றார். ஆபரேஷன் செய்த கண்ணில் குமிழ் தளும்பிக்கொண்டிருந்தது. அதன் விளிம்புக்கு மேலே மட்டும்தான் கொஞ்சம் தெளிவு. இஞ்சின் உறுமியது. ‘உன் இஷ்டம்’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழகின நாக்கு என்ன செய்யும்?

“உன்னப் பாக்காம என்னால இருக்க முடியல,” என்றார். பக்கத்தில் பழம் விற்கிறவள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. “நீ வர வேணாம். நான் வர்றேன். இது கரையட்டும், அன்னைக்கே வர்றேன்.”

அவள் அவரையே பார்த்தாள். 

“உங்க இஷ்டம்,” என்றாள்.

பஸ் கிளம்பிப் போனது. அவர் அங்கேயே நின்றார். அந்த இரண்டு வார்த்தைகளையும் இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாரே தவிர, வாங்கியதில்லை. அது எங்கே போய்க் குத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவருக்கு ஒரே வேலை, குமிழைப் பார்ப்பது. காலையில் எழுந்ததும் நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்ப்பார். மேலே வெளிச்சம், கீழே குமிழ், நடுவில் ஒரு கோடு. தொட்டித் தண்ணீர் வற்றுவது போல அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சில நாள் இறங்காதது போலவே இருக்கும். அன்றைக்கெல்லாம் யாரோடும் பேசமாட்டார். டிப்போவில் கண்டக்டர் தினமும், “அண்ணே, எவ்வளவு இருக்கு?” என்பார். பாதி என்பார், கால் என்பார். மலைமேல் அவரே போன் செய்தார். “இன்னைக்குக் கொஞ்சம் எறங்கியிருக்கு.” அந்தப் பக்கம் “ம்” என்பாள். அந்த ‘ம்’முக்காக அவர் அடுத்த நாள் வரை காத்திருப்பார்.

குமிழ் கோலிக்குண்டு ஆனது, மிளகு ஆனது. ஒருநாள் காலையில் சுவர் முழுசாகத் தெரிந்தது. கோடுகள் நெளிந்தாலும் சுவர், முழுச் சுவர். டாக்டரிடம் ஓடினார். ஏறலாம் என்று அவர் சொன்ன வாய் மூடுவதற்குள் இவர் படியிறங்கிவிட்டார்.

தையல் கடை மலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருந்தது. மனைவி எழுந்து நின்றாள், வாங்க என்றாள், தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அக்கா கம்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். அவர் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். தைத்ததைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்காகச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஆனால் போட்டுப் பார்க்கிறவர்கள் நிற்கிற இடம் அதில் தெரியவில்லை. வாசல் பக்கம் திருகி வைத்திருந்தார்கள். அதில் தெரிந்தது அவர் சற்றுமுன் இறங்கி வந்த பஸ்ஸின் படி.

“கண்ணாடி ஏன் இப்படித் திரும்பியிருக்கு?” என்றார்.

“அத அவகிட்டயே கேளுங்க,” என்றாள் அக்கா. “ரெண்டு வருஷமா நானும் நேரா வச்சு வச்சு அலுத்துப்போயிட்டேன். மறுநாளே திருப்பி வச்சிருப்பா. வர்றவங்கல்லாம் கழுத்த ஒடிச்சுகிட்டுப் பாக்கறாங்க.”

 அவர் எழுந்து போய் இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்து நேராகத் திருப்பினார். அதில் இப்போது அவருக்குப் பின்னால், தண்ணீர் டம்ளரோடு, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பி, கண்ணாடியை விட்டுவிட்டு, அவளையே பார்த்தார்.

“எப்படித் தெரியறேன்?” என்றாள்.

“நெளிஞ்சு தெரியற.”

“சரியாயிடுமா?”

“முழுசா ஆகாதுன்னாங்க,” என்றார். “பரவாயில்ல. தெரியறயே.”